ஐயா ஓ.டி.யில் இருக்கிறார்

கல்வி நிர்வாகவியல் என்று ஒரு துறை இருக்கிறது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் எப்படி நடத்தவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைக்கூட நடத்திக் காட்டவேண்டியதில்லை. கொஞ்ச காலம் போனால் வகுப்பும் எடுக்கவேண்டியதில்லை.

எம்.எட். மாணவர்கள் மனப்பாடம் செய்கிற ஒரு சூத்திரம் உண்டு. போஸ்ட்கார்ப். அமெரிக்காவின் லூதர் குலிக் 1937இல் வகுத்தது. திட்டமிடு, அமைப்பை உருவாக்கு, ஆள் போடு, இயக்கு, ஒருங்கிணை, அறிக்கை கொடு, பட்ஜெட் போடு. ஒரு நிர்வாகியின் வேலை இந்த ஏழும்தான். ஏழில் ஒன்றுகூடக் கற்பித்தல் கிடையாது. குலிக்கைத் திட்டி என்ன பயன்? அவர் அரசு அலுவலகங்களை மனதில் வைத்து எழுதினார். அதைக் கல்லூரிப் பாடமாக்கி, பரீட்சையில் பத்து மார்க் கேள்வியாக்கி, கடைசியில் தன் வாழ்க்கை நெறியாகவும் ஆக்கிக்கொண்டவர் நம் பேராசிரியர்.

அவருக்கு இங்கே பெயர் வைக்கப்போவதில்லை. எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் ஒருவர் இருக்கிறார். உங்கள் மகள் படிக்கும் கல்லூரியில் அவர் வேதியியல்காரராக இருக்கலாம், வணிகவியல்காரராக இருக்கலாம். துறை எதுவானால் என்ன? நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவர்கள் எல்லோருக்கும் ஒரே பாடம்தான். நிர்வாகம்.

அவருடைய ஏற்றத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, உதவிப் பேராசிரியர். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு. ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். பேராசிரியர் ஆகிவிட்டால் வகுப்பு 14 மணி நேரம். அடிப்படைச் சம்பளம் 1,44,200 ரூபாய். மூத்தவர்கள் ஆராய்ச்சி செய்யவேண்டும், முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டவேண்டும், அதற்காகத்தான் இந்தச் சலுகை. நியாயம்தான். ஆனால் இளைஞராகச் சேர்ந்த நம்மவர் இதில் வேறொரு பாடத்தைப் படித்துக்கொண்டார். சம்பளம் ஏற ஏற வகுப்பு இறங்குகிறது. கணக்கு தெரிந்த மனிதர். அந்தப் பதினாலையும் பூஜ்யமாக்கும்வரை அவர் ஓயவில்லை.

பூஜ்யத்துக்குப் போகும் வழியில் அவருக்கு மானியக் குழுவே விளக்குப் பிடித்தது. 2010இல் ஒரு மதிப்பெண் முறை வந்தது. ஏ.பி.ஐ. என்பார்கள். மாணவருக்குப் பரீட்சை வைப்பவருக்கு மார்க் போட ஒரு முறை வந்ததே என்று நாமும் சந்தோஷப்பட்டோம். அதில் பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 10. தேசிய அளவில் என்றால் 7.5. மாநில அளவில் 5. உள்ளூரில் 3.

அடுத்த மாதமே தமிழ்நாட்டில் உள்ளூர்க் கருத்தரங்கம் என்ற இனம் அழிந்தது. பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்த என்ன வேண்டும்? ஒரு ஃபிளெக்ஸ். அதில் ஓர் உலக உருண்டை. யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ சொந்த வேலையாக ஊருக்கு வந்திருக்கும் ஒருவர். பாவம், மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்திருப்பார். பிடித்து மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்திவிட்டால் நாடு இரண்டாகிவிட்டது. காலை முழுவதும் வாழ்த்துரை. மதியம் பிரியாணி. பிரியாணிக்குப் பிறகு நூறு கட்டுரைகள், ஆளுக்கு மூன்று நிமிடம். அத்தனையும் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு முதல் நாளே புத்தகமாகி வந்துவிட்டன. பிறகு யாரோடு விவாதிப்பது, எதைத் திருத்துவது? கட்டணம் ஜிபேயில். சான்றிதழ் வாசலில்.

2018இல் விதியைத் திருத்தினார்கள். மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். பன்னாட்டுக்குத் தேசியத்தைவிடக் கூட என்ற ஏணியை மட்டும் எடுக்கவில்லை. ஃபிளெக்ஸ்காரர் தப்பித்தார்.

கருத்தரங்கம் போதாது, ஆய்வு இதழிலும் எழுதவேண்டும் என்றார்கள். எழுதினார். 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. போலி, தரமின்மை, தவறான தகவல் என்று காரணங்கள். இதழ்கள் போயின. அவற்றில் எழுதிப் பெற்ற பதவி உயர்வுகள் அப்படியே இருந்தன. அப்புறம் கேர் என்று புதுப் பட்டியல் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். இனி எது நல்ல இதழ் என்று அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாமாம். அதாவது நம்மவரே முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாம் படி, பயிற்சி. பதவி உயர்வுக்கு ஓரியண்டேஷன் போகவேண்டும், ரெஃப்ரெஷர் போகவேண்டும். அந்த வாரங்களில் வகுப்புக்குப் போகவேண்டியதில்லை. துறையில் கேட்டால் ஐயா ஓ.டி.யில் இருக்கிறார் என்பார்கள். ஆன் டியூட்டி. கற்பிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளப் போயிருப்பதால் கற்பிக்க ஆள் இல்லை.

இந்தப் பயிற்சிக்கென்று 1987 முதல் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் நடந்தன. 2015இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. பிறகு மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆயின. கட்டடம் அதே கட்டடம். இடைவேளைக்கு அதே டீ, அதே மேரி பிஸ்கட்.

பெயர் மாற்றுவது இந்தத் துறையின் குலத்தொழில். கல்வித் திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் நாட்டின் தலைமை நிறுவனம் டெல்லியில் இருக்கிறது. 1962இல் யுனெஸ்கோவின் ஆசிய மையமாகத் தொடங்கியது. 1965இல் ஆசிய நிறுவனம். 1970இல் தேசிய ஸ்டாஃப் காலேஜ். 1979இல் தேசிய நிறுவனம். 2006இல் தேசியப் பல்கலைக்கழகம். பிற்பாடு மறுபடியும் தேசிய நிறுவனம். இவர்களுக்கு மேலே இருக்கும் அமைச்சகம் மட்டும் சளைத்ததா? கல்வி அமைச்சகமாக இருந்தது 1985இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஆனது. 2020இல் மறுபடி கல்வி அமைச்சகமே ஆனது. புறப்பட்ட இடத்துக்கு வந்துசேர 35 ஆண்டு. கல்விக்கு நாட்டு வருமானத்தில் ஆறு சதவீதம் ஒதுக்குங்கள் என்று 1966இல் கோத்தாரி கமிஷன் சொன்னது. அந்த ஆறு இன்னும் வந்துசேரவில்லை. பெயர்ப்பலகைக்கு மட்டும் ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை.

மூன்றாம் படியில்தான் நம்மவர் உண்மையில் மலர்கிறார். நாக்.

1994இல் பெங்களூரில் தொடங்கிய தர மதிப்பீட்டு அமைப்பு. கல்லூரிகளுக்கு மார்க் போட்டு, ஏ++ முதல் கீழே வரை தரக்குறியீடு கொடுக்கிறது. நோக்கம் நல்ல நோக்கம். அதற்காக ஒவ்வொரு கல்லூரியிலும் ஐ.க்யூ.ஏ.சி. எனப்படும் உள்தர உறுதிப் பிரிவுக்கு ஓர் அறை. அதுதான் வளாகத்திலேயே ஏ.சி. வேலை செய்யும் அறை. அதன் ஒருங்கிணைப்பாளர் நம்மவர். ஏழு கிரைடீரியா, ஏழு கமிட்டி. ஒவ்வொரு கமிட்டிக்கும் கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஜியோ டேக் போட்ட புகைப்படம். மரம் நட்டால் புகைப்படம். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் கிரைடீரியாவில் மார்க் கிடையாது. அதனால் அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு மரம்.

2017க்குப் பிறகு மதிப்பெண்ணில் சுமார் 70 சதவீதம், கல்லூரி தானே பதிவேற்றும் புள்ளிவிவரங்களிலிருந்து வந்தது. பரீட்சைத்தாளைப் பையனே எழுதி, பையனே கூட்டல் போட்டு அனுப்பும் முறை. சரிபார்ப்பும் உண்டு. சரிபார்ப்பவர் கேட்பதும் காகிதம்தான். புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் எத்தனை என்று கேட்டால் நாற்பது என்பார்கள். புரிந்துகொண்டவர் யார் என்று கேட்க ஒரு கிரைடீரியாவும் இல்லை. ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் முழுப் பருவமும் உட்கார்ந்து பார்த்து மார்க் போடும் ஏற்பாடும் இல்லை.

நாக் குழு கல்லூரிகளுக்கு நேரில் வந்த காலத்தில், அது வரும் வாரத்தில் கல்லூரி பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரும் வீடாகிவிடும். சுவருக்கு வெள்ளை. வாடகைக்குப் பூந்தொட்டி. கழிப்பறையில் அந்த மூன்று நாள் மட்டும் சோப்பு. வாசலில் பூர்ணகும்பம். மாணவிகளுக்குப் பட்டுச்சேலை, மாணவர்களுக்குப் பறை. என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று ஒத்திகை. அந்த ஒத்திகைக்காக ஒரு வாரம் வகுப்பு ரத்து. கற்பித்தலின் தரத்தை நிரூபிப்பதற்காகக் கற்பித்தலை நிறுத்திவைக்கும் யோசனை வேறு எந்தத் தொழிலுக்கும் வந்திருக்காது.

சொந்தக் கல்லூரியைத் தேற்றியவர் அடுத்து மற்ற கல்லூரிகளைச் சோதிக்கப் போகிறார். பீர் டீம் எனப்படும் ஆய்வுக் குழுவின் உறுப்பினர். விமானம், விடுதி, வரவேற்புக்குக் கார். 2023 மார்ச்சில் நாக் நிர்வாகக் குழுத் தலைவர் பூஷண் பட்வர்தன் பதவி விலகினார். சுயநலக் கும்பலும் முறைகேடுகளும் இருக்கின்றன, சில நிறுவனங்கள் சந்தேகத்துக்குரிய வழியில் தரக்குறியீடு பெறுகின்றன என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். தலைவரே சொன்னார். யாருக்கும் வேர்க்கவில்லை.

2025 பிப்ரவரி முதல் தேதி சிபிஐ பத்துப் பேரைக் கைது செய்தது. ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதற்கு ஏ++ தரச் சாதகமாக நடக்க லஞ்சம் வாங்கினார்கள் என்பது வழக்கு. ஆய்வுக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள், அந்தப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகிகள் எல்லோரும் பட்டியலில். கைப்பற்றியவை: சுமார் 37 லட்சம் ரூபாய், ஆறு லேப்டாப், ஒரு ஐபோன் 16 ப்ரோ. லேப்டாப் இருந்தது ஓர் ஆறுதல். கல்விக்குச் சம்பந்தமுள்ள பொருள் ஒன்றாவது கைமாறியிருக்கிறது. வழக்கு நடக்கட்டும், குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கேட்பது சின்னக் கேள்வி. பிட் அடித்த பையனை மூன்று வருடம் டிபார் செய்கிற இந்தச் சமூகம், தன் விடைத்தாளை யார் திருத்துகிறார்கள் என்று ஏன் இத்தனை காலம் பார்க்கவில்லை?

நம்மவரின் சொந்த வீட்டுக்கே வருவோம். ஆசிரியர் கல்வி. பி.எட். கல்லூரிகள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா கமிஷன் 2012இல் சொன்னதை மத்திய அரசு தன் 2020 கல்விக் கொள்கையிலேயே அச்சடித்திருக்கிறது. தனித்து நடக்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை உருப்படியாகக் கற்பிக்க முயல்வதுகூட இல்லை, பட்டத்தை விலைக்கு விற்கின்றன. இதை எழுதியது எதிர்க்கட்சி அல்ல, அரசாங்கம். அந்தக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் முன் யாரோ நேரில் போய்க் கட்டடத்தைப் பார்த்து, நூலகத்தைப் பார்த்து, ஆசிரியர்களை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் அல்லவா? அவர்கள் வானத்திலிருந்து வரவில்லை. கல்வியியல் பேராசிரியர்கள்தான் வந்தார்கள். சாப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டார்கள். டி.ஏ. பில் எழுதினார்கள்.

பொறியியல் பக்கம் எண்ணிக்கை இன்னும் அழகு. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 353 பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாக வேலை செய்வதாகக் கணக்கில் இருந்தார்கள். அண்ணா பல்கலைக்கழகம் விசாரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: 189 பேர் சுமார் 2,000 பணியிடங்களை நிரப்பியிருக்கிறார்கள். ஆளுக்குப் பத்துக் கல்லூரி. கிருஷ்ண பரமாத்மாவுக்குப் பிறகு இத்தனை இடங்களில் ஒரே நேரத்தில் காட்சி தந்தவர்கள் இவர்கள்தான். ஆண்டுதோறும் ஆய்வுக்குப் போனவர்களின் கண்ணில் மட்டும் இந்த அற்புதம் படவில்லை.

கடைசிப் படி, துணைவேந்தர். அடிப்படைச் சம்பளம் 2,10,000 ரூபாய். சிவப்பு விளக்கு போய்விட்டது, சிவப்புக் கம்பளம் இருக்கிறது. இந்தப் படியில் எப்படி ஏறுகிறார்கள்? 2018 அக்டோபரில் தமிழக ஆளுநராக இருந்த பன்வாரிலால் புரோகித், துணைவேந்தர் நியமனங்களில் கோடிக்கணக்கில் பணம் கைமாறியதாக மேடையில் பேசினார். அவர்தான் வேந்தர். கடைக்காரரே கல்லாவைப் பற்றிப் புகார் சொன்ன முதல் சந்தர்ப்பம். பிறகு, கல்வியாளர்கள் தன்னிடம் சொன்னதைத்தான் சொன்னேன் என்று விளக்கம் வந்தது. விஷயம் முடிந்தது.

அதே 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு 30 லட்சம் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. ஒரு லட்சம் ரொக்கமாக, மீதி 29 லட்சத்துக்குக் காசோலைகள். லஞ்சத்துக்குக் காசோலை! இதைவிட நம்பிக்கையோடு இந்த நாட்டின் சட்டத்தை யாரும் அணுகியதில்லை.

இன்னொரு பக்கம், நாற்காலியே காலி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் அந்த நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தது. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை வங்கிக் கணக்குகளை முடக்கியது. வரிபாக்கி 424 கோடி ரூபாயாம். 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம், சம்பளம் போடப் பணமில்லாமல் கை பிசைந்தது. இத்தனைக்கும் நடுவில் வகுப்புகள் நடந்தன. தேர்வுகள் நடந்தன. பட்டம் கொடுத்தார்கள். இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. துணைவேந்தர் இரண்டு வருடம் இல்லாவிட்டால் ஊருக்குத் தெரியாது. கௌரவ விரிவுரையாளர் இரண்டு நாள் வராவிட்டால் கல்லூரிக்கே பூட்டு.

அந்தக் கௌரவத்தையும் பார்த்துவிடுவோம். தமிழக அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். நம்மவர் ஓ.டி.யில் போனபோது வகுப்புக்குள் போனவர்கள் இவர்கள். முனைவர் பட்டம் இருக்கிறது, நெட் இருக்கிறது, செட் இருக்கிறது. மாதம் 25,000 ரூபாய். அதுவும் பதினோரு மாதத்துக்கு. மே மாதம் கிடையாது. மே மாதத்தில் வீட்டு வாடகை கிடையாது, பால் பாக்கி கிடையாது, பிள்ளைக்குப் பசி கிடையாது என்று எந்த நிர்வாகவியல் நிபுணரோ ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார். 2019இல் மானியக் குழு இவர்களுக்கு வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று எழுதியது. மானியக் குழுவின் மற்ற எல்லாச் சுற்றறிக்கைகளையும் சட்டகம் போட்டு மாட்டும் நிர்வாகங்களுக்கு இந்த ஒன்று மட்டும் தபாலில் தொலைந்துபோனது.

நிரந்தர வேலை? 2019இல் 2,331 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ரத்தானது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தேர்வுக்குத் தேதி குறித்தார்கள். தள்ளிவைத்தார்கள். முப்பது வயதில் விண்ணப்பம் வாங்கியவருக்கு நரைத்துவிட்டது.

இதில் கொதிக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2021–22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இதைச் சொல்லி நாம் மார்தட்டிக்கொள்கிறோம். தட்டிக்கொள்ளலாம், உழைத்து வந்த எண் அது. சத்துணவு போட்டு, இலவசப் பேருந்து விட்டு, இடஒதுக்கீட்டுக்காகச் சிறை போய், அரசுப் பள்ளிப் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கொண்டுவந்து சேர்த்த எண். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளைகள். டியூஷன் வைக்க வசதியில்லை. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அவர்களுக்கு வகுப்பறையைவிட்டால் வேறு வழியே கிடையாது. மூன்று தலைமுறை காத்திருந்து அவர்கள் உள்ளே வந்த நேரம் பார்த்து, பேராசிரியர் கமிட்டி மீட்டிங்குக்குக் கிளம்பிவிட்டார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் படித்த காலத்தில் கரும்பலகை முன்னால் நின்றவர்கள்தான். ஏழை வந்ததும்தான் நிர்வாகம் அவசரமாகிவிட்டது.

ஓய்வுக்குப் பிறகும் நம்மவருக்கு ஓய்வில்லை. தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆலோசகர். தேர்வுக் குழுக்களில் நிபுணர். கல்விக் கொள்கை பற்றித் தொலைக்காட்சியில் கருத்து. இன்றைய மாணவர்களுக்கு ஆர்வமே இல்லை என்று அங்கே வருத்தப்படுகிறார். கடைசியாக எந்த மாணவரைப் பார்த்தார் என்று நெறியாளர் கேட்பதில்லை.

ஆகவே மானியக் குழுவுக்கு நம் சார்பில் ஒரு யோசனை. ஏழு கிரைடீரியா வேண்டாம், ஒன்று போதும். பதவி உயர்வுக்கு ஒருவர் விண்ணப்பித்தால், போன பருவத்தில் அவருடைய வகுப்புப் பட்டியலில் இருந்த பத்து மாணவர்களைக் கூப்பிடுங்கள். விண்ணப்பதாரரை முன்னால் நிறுத்துங்கள். இவர் யார் என்று கேளுங்கள். அடையாளம் தெரிந்தால் பதவி உயர்வு கொடுங்கள். தெரியாவிட்டால், வாங்கிய சம்பளத்தை வசூல்செய்து, அவருக்குப் பதிலாக அந்த வகுப்பில் நின்றவருக்கு மே மாதச் சம்பளமாகக் கொடுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், நிறைய மே மாதங்கள் வரும்.